மல்யுத்தக்காரனின் கந்தசஷ்டி

எங்கள் சனத்துக்கு அந்த வருடங்களில் ஒரு நல்ல பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் நாலு பொடியன்கள் ஒரு கடை வாசலில் தங்களுக்குள் அடிபட்டால் போதும், அடுத்த நாள் ஆங்கிலப் பேப்பரின் முன்பக்கத்தில் 'தமிழ்' என்ற சொல் வந்துவிடும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத என் அம்மா அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். உடனே தம்பியைத் தேடுவார். அவன் பக்கத்து அறையில்தான் படுத்திருப்பான். அவன்மேல் போர்வையை இழுத்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

ஆகவே தம்பி பள்ளிக்கூடத்தில் மல்யுத்தத்தில் சேர்ந்தபோது வீட்டில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எப்படியும் அடிபடுகிற வயது, ஒரு நடுவருக்கு முன்னால் நின்று அடிபடட்டும் என்றார் அப்பா. அவர் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்தார். ஒரு வசனத்துக்கு மேல் கதைக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. அம்மாவுக்கு ஒரேயொரு குறை, அந்த உடுப்பு.

"உதென்னடா, பெனியனையும் ஜங்கியையும் ஒண்டாச் சேர்த்துத் தைச்ச மாதிரி? உதோடயே சபையில நிக்கப்போறாய்?"

"எல்லாரும் உதோடதான் நிப்பினம் அம்மா."

"எல்லாரும் நிண்டால் நீயும் நிப்பியோ?" என்று கேட்டாலும் அதை அவர்தான் தோய்த்து, வெயில் படாத பல்கனியில் காயப்போட்டு, மடித்தும் வைத்தார்.

தம்பிக்கு அப்போது பதினாறு வயது. உடம்பில் எங்கும் வீண் சதை இல்லை. இது முக்கியம். குறைக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் கோயில் அந்த நாளில் ஒரு கார் ரயர் கடைக்கும் கம்பளக் களஞ்சியத்துக்கும் நடுவில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் நிலத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு அஜின்கோர்ட்டில் பலசரக்குக் கடை. கடனுக்கும் சாமான் கொடுப்பார், கேட்காமலே புத்தியும் சொல்லுவார். எல்லோருக்கும் அவர் தலைவர் அங்கிள். இந்த முறை இளைஞர் மல்யுத்தப் போட்டியை நாங்கள்தான் நடத்தப்போகிறோம், வெளியூர்களில் இருந்தெல்லாம் வெள்ளைக்காரப் பொடியன்கள் வருகிறார்கள் என்றார்.

"எங்கட பொடியள் அடிபடுறாங்கள், அடிபடுறாங்கள் எண்டு எழுதினவை வந்து பாக்கட்டும், எப்பிடி அடிபடுறாங்கள் எண்டு!"

சோற்றுக் கையால் கை தட்ட முடியாதவர்கள் முழங்காலில் தட்டினார்கள். மல்யுத்தத்தின் சட்டதிட்டம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒரு தடையும் வரவில்லை. வாசலில் நிறைகுடம் வைப்பதா, மல்யுத்த மெத்தைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றலாமா, வருகிறவர்களுக்கு மாட்டிறைச்சி ரோல்ஸ் கொடுத்தால் கோயில்காரர் கோபிப்பார்களா, தோற்ற பிள்ளைக்கும் மாலை போட வேண்டுமா என்று கிழமைக் கணக்காகக் கூட்டம் நடந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேணும்.

அவனுக்கு அக்காவான நான் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் ஒரு டோனட் கடையில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் கட்டிடம் முழுவதற்கும் தெரியும். அந்த வாய் போட்டிக்கு முந்தின அந்த ஒரு கிழமைக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தலைவர் அங்கிள் நோட்டீஸ் கட்டோடு வீட்டுக்கு வந்தார். நோட்டீஸின் நடுவில் தம்பியின் படம், அந்த உடுப்போடு. அம்மா படத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, பிறகு அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அங்கிள் வடையைச் சட்னியில் தோய்த்தபடி சொன்னார்.

"தம்பி, விசாரிச்சனான். உன்ர நிறைப் பிரிவில போன வருசம் வெண்டவன் வாறானாம். ஆள் மாடு மாதிரியாம். அதுக்குக் கீழ்ப் பிரிவில பெரிசா ஒருத்தரும் இல்லை. நீ கொஞ்சம் மெலிஞ்சால் மெடல் எங்களுக்குத்தான். ஓமோ?"

தம்பி ஓம் என்றான். அங்கிள் அடுத்த வடையை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வயிற்றில் வடை இருக்கும்போது மற்றவனை மெலியச் சொல்வது அவருக்கு ஒரு விசயமாகவே படவில்லை.

அவனுடைய பயிற்சியாளர் உன் நிறையிலேயே நில் என்றுதான் சொல்லியிருந்தாராம். அவர் சொன்னதைத் தம்பி வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் நடந்ததை அவருக்கும் சொல்லவில்லை.

அந்த வருடம் கந்தசஷ்டியின் ஆறாம் நாளில்தான் போட்டி வந்தது. அதையும் நல்ல சகுனம் என்றார்கள். தீபாவளிக்கு அடுத்த நாள் காலையில் அம்மா தோசை சுட்டுக்கொண்டு நிற்கும்போது தம்பி வந்து குசினி வாசலில் நின்றான்.

"அம்மா, நான் இந்தமுறை சஷ்டி விரதம் பிடிக்கப்போறன்."

அம்மாவின் கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றது. கோயிலுக்கு வா என்றால் தலையிடி என்கிற பிள்ளை அவன். அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். பொடியனுக்குத் தான் சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான்.

வேறொரு வீட்டில் பிள்ளை சாப்பிடாவிட்டால் தாய் சண்டை பிடிப்பாள், டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். எங்கள் வீட்டில் சாப்பிடாமல் இருக்க இருக்க அவனுடைய மதிப்புக் கூடிக்கொண்டே போனது. முதல் நாட்களில் பின்னேரம் ஒரு கிளாஸ் பால் குடித்தான். பிறகு அதையும் விட்டான். அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு வீடாகச் சொன்னார். கோயிலில் அவனுக்கு வரிசையில் முன்னுக்கு இடம் விட்டார்கள். ஐயர் தன் கையாலேயே விபூதி பூசினார். அவன் கன்னம் ஒட்ட ஒட்ட, முகத்தில ஒரு களை வந்திட்டுது என்றார்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு. பின்னேரங்களில் அவன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சுடுதண்ணீரைத் திறந்துவிடுவான். கதவின் அடியால் ஆவி வரும். உள்ளே தொம், தொம் என்று ஒரு சத்தம், நிற்காமல். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து கட்டிடப் பொறுப்பாளர் வந்து கேட்டபோது, பிள்ளை சாமிக்குத் தோய்கிறான் என்று சொல்லச் சொன்னார் அம்மா. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் மன்னிப்புக் கேட்டேன். ஒருநாள் அவன் வெளியே வரும்போது வழிமறித்துப் பார்த்தேன். பெரிய கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி உடம்பில் போட்டிருந்தான். அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். கையில் கயிறு. ஆவிக்குள் நின்று கயிறடித்துத் துள்ளியிருக்கிறான். வியர்வை பைக்குள் சலசலத்தது.

"உனக்கு விசரே?"

"எல்லா ரெஸ்லர்ஸும் செய்யிறதுதான் அக்கா. நிறை பாத்த உடன சாப்பிடலாம், குடிக்கலாம். ஜஸ்ற் ரூ மோர் டேய்ஸ், இன்னும் ரெண்டே ரெண்டு நாள். பிளீஸ், அம்மாக்குச் சொல்லாதை."

நான் நேரே போய் அம்மாவுக்குச் சொன்னேன். நிறை குறைக்கத்தான் பட்டினி கிடக்கிறான், விரதமும் இல்லை ஒன்றும் இல்லை என்று குப்பைப் பையையும் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் ஒரு நாளும் பிடிக்கிறேல்லை. பிடிக்கிறவனையும் கெடுக்காதை. சாமி விசயத்தில வாய் வையாதை, சொல்லிப்போட்டன்."

"அம்மா, அவன் போத்திலுக்குள்ள துப்பிக்கொண்டு திரியிறான். எச்சிலுக்கும் நிறை இருக்காம்."

அது நான் எடுத்துவிட்ட கடைசி அம்பு. அதுவும் திரும்பி என் மேலேயே விழுந்தது. கந்தசஷ்டியைக் கடுமையாகப் பிடிப்பவர்கள் உமிழ்நீர்கூட விழுங்கமாட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை உண்டு. அப்படிப் பிடித்த ஒருவரையும் அம்மா கண்ணால் கண்டதில்லை. இப்போது கண்டுவிட்டார், சொந்த வீட்டில், தான் பெற்ற பிள்ளை. அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். தலைவர் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார்.

"பிள்ளை, முருகனுக்கு விரதம் இருக்கிறவனுக்கு ஒண்டும் வராது. நீர் பயப்படாதேயும்."

போட்டி நாள் காலையில் பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில் நிறைகுடம் இருந்தது. குத்துவிளக்கை மெத்தைக்குப் பக்கத்தில் வைக்க நடுவர்கள் விடவில்லை, அதனால் அது விளையாட்டுச் சாமான் அறை வாசலில் எரிந்தது. சேலை கட்டிய பெண்கள், கோட் போட்ட ஆண்கள். இப்படி ஒரு கூட்டத்தை அந்த வெள்ளைக்காரப் பொடியன்கள் எந்தப் போட்டியிலும் கண்டிருக்கமாட்டார்கள். உள்ளுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சந்தனம், ஒரு ரோல்ஸ். எங்கள் ஆட்களின் முகங்களைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் எதற்கெடுத்தாலும் வரிசையில் நின்றவர்கள் அன்றைக்கு வாசலில் நின்று மற்றவர்களை வரவேற்றார்கள். ஒரு நிமிடம் என் பயம்கூட மறந்துபோனது.

தம்பி நிறை பார்க்கும் அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வந்து கட்டைவிரலைக் காட்டினான். கீழ்ப் பிரிவுக்குள் இறங்கிவிட்டான். அவனுடைய உதடு வெடித்து, கண்கள் உள்ளே போயிருந்தன. அவனோடு நிறை பார்த்த மற்றப் பொடியன்கள் சுவரோடு சாய்ந்திருந்து வாழைப்பழமும் பாணும் சாப்பிட்டார்கள், ஜூஸைக் கடகடவென்று குடித்தார்கள். அதுதான் அவர்களுடைய வழக்கம். தம்பியின் கணக்கும் அதுதான். அந்த ஆறு நாளும் அவன் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஒரு ஜூஸைத்தான்.

ஆனால் அவனைச் சுற்றி எங்கள் சனம் நின்றது. தலைவர் அங்கிள் மைக்கில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டார், இந்தப் பிள்ளை கந்தசஷ்டி ஆறாம் நாள் உபவாசத்தோடு மெத்தையில் இறங்குகிறான் என்று. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் தோடம்பழ ஜூஸ் ஒன்றைத் திறந்து அவனுடைய கைக்குள் வைத்தேன். அவன் அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். அப்போது அடுத்த கட்டிடத்து அன்ரி ஒருவர், அம்மாவோடு கோயிலுக்கு வருகிறவர், பாய்ந்து வந்து அதைப் பறித்தார்.

"ஐயோ பிள்ளை, நாளைக்குத்தானே பாறணை! இவ்வளவு நாளும் இருந்திட்டுக் கடைசி நேரத்தில விரதத்தை முறிக்கிறதே?"

பாறணை என்பது ஏழாம் நாள் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடுவது. அதுவரைக்கும் இன்னும் ஒரு முழுப் பகலும் இரவும் இருந்தன. அன்ரிக்குப் பின்னால் அம்மா கைகூப்பியபடி நின்றார். தம்பி அம்மாவைப் பார்த்தான், அந்த ஜூஸைப் பார்த்தான். சரி அன்ரி என்றான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. யாரோ என்னைத் தோளில் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள்.

முதல் இரண்டு ஆட்டமும் வென்றான். எப்படி வென்றான் என்று எனக்குத் தெரியாது. ஆட்டங்களுக்கு நடுவில் சுவரோடு இருந்தான், வியர்வை வருவது நின்றுவிட்டது. நான் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்து இவன் ஒன்றும் குடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் திடுக்கிட்டு வந்து அவனிடம் கேட்டார். குடித்தேன் என்றான் ஆங்கிலத்தில். அதற்குள் கடைசி ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டான். அதிலும் எதிராளியைப் புரட்டித் தோளை மெத்தையில் அமத்தினான். நடுவர் நிலத்தை அடித்தார். மண்டபம் எழுந்து நின்றது. அப்பா ஒரு வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார், அவர் விசிலடித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். நடுவர் தம்பியின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

கையை விட்டதும் தம்பி முன்னால் விழுந்தான். இரண்டு கையும் முன்னுக்கு நீட்டியபடி, நெஞ்சும் நெற்றியும் மெத்தையில் பட, நெடுஞ்சாண்கிடையாக.

"அரோகரா!" என்று எங்கேயோ ஒரு குரல் எழுந்தது.

"அரோகரா!" என்றது மண்டபம் முழுவதும். முருகனை நினைத்து விழுந்து கும்பிடுகிறான் என்று நினைத்தார்கள். கண்ணீர் விட்டார்கள். திரும்பத் திரும்ப அரோகரா சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குள் நடுவரும் பயிற்சியாளரும் நானும்தான் அவனிடம் ஓடினோம். அவனைப் புரட்டியபோது கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் நான் நின்றேன். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தான் என்று டொக்டர் கேட்டார். அம்மாவின் குரலில் அப்போதும் பெருமை மிச்சமிருந்தது.

"முருகனுக்கு இருந்தவன் எண்டு சொல்லு பிள்ளை."

நான் டொக்டருக்கு நடந்ததைச் சொன்னேன். பை, ஆவி, கயிறு, போத்தல். டொக்டர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உடம்பில் தண்ணீர் இல்லாமல் தசை கரைந்து இரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிற்பாட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருதயமும் நின்றிருக்கும். அம்மா என் வாயையே பார்த்தார்.

"அப்ப அவன் ஒரு நாள்கூட முருகனுக்கு இருக்கேல்லையோ?"

"இல்லை அம்மா. நிறைக்குத்தான்."

மடியில் வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். பூசுவதா விடுவதா என்று தெரியாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

தம்பி பிழைத்தான். சிறுநீரகங்கள் முழுதாக முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. உப்புப் பார்த்துச் சாப்பிடுகிற, எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலோடு போகிற பதினேழு வயதுக்காரனாகிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினான். மெத்தையில் அதன் பிறகு ஏறவில்லை. ஆனால் வெளியில் கதை வேறு விதமாகப் போனது. எங்கள் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. தலைவர் அங்கிள் மேடை கிடைத்த இடமெல்லாம் சொன்னார். ஆறு நாள் பச்சைத் தண்ணீரும் இல்லாமல் மூன்று ஆட்டம் வென்று மெத்தையிலேயே முருகனை விழுந்து கும்பிட்டான் என்றார். அம்புலன்ஸ் அந்தக் கதையிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போனது. கோயிலில் அம்மாவைக் கண்டால் நல்ல பிள்ளை பெற்றாய் என்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் அம்மா சொல்லாமல் இருக்கிறியள்?"

"அவன்ர பேர் நல்லா நிக்குது. அது ஒண்டுதான் அவனுக்கு மிச்சம்."

அடுத்த ஐப்பசியில் அந்த வருடப் போட்டிக்குப் புது நோட்டீஸ் வந்தது. இந்த முறை இன்னும் பெரிய மண்டபம். தீபாவளி முடிந்து நாலாம் நாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது. அம்மா குசினிச் சுவரோடு நின்று எடுத்தார். அன்றைக்கு ஜூஸைப் பறித்த அதே அன்ரி. அவருடைய குரல் றிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. அவருடைய மகனும் மல்யுத்தமாம், அவனும் தானாகவே சஷ்டி பிடிக்கிறானாம், இன்றையிலிருந்து தண்ணீரையும் விட்டுவிட்டானாம். உங்கட மகனுக்கு அப்ப என்ன செய்து கொடுத்தனீங்கள் அக்கா என்று கேட்டார். அந்தப் பொடியனுக்குப் பதின்மூன்று வயது.

அம்மா கண்ணை மூடினார்.

"பிள்ளை, அவன் விரதம் இருக்கேல்லை," என்றார் அம்மா. "பட்டினி கிடந்தவன். சாமிக்கில்லை, தராசுக்கு. பொய் சொல்லி எங்களைப் பேய்க்காட்டினவன். ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தவன். உங்கட பிள்ளைக்கு இப்பவே தண்ணி குடுங்கோ."

அன்ரியின் குரல் இன்னும் உயர்ந்தது.

"உங்கட பிள்ளை மட்டும்தான் பேரெடுக்கோணும், என்ன அக்கா?"

அன்ரி தொலைபேசியை வைத்துவிட்டார். அம்மா றிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டார், சப்பாத்தைக் கொழுவினார். குளிர்பெட்டியைத் திறந்து ஜூஸ் போத்தல் ஒன்றைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு, வா என்றார் என்னிடம்.

அடுத்த கட்டிடத்துக்கு வாகனத் தரிப்பிடத்தைக் கடந்தால் போதும். லிஃப்ற் வேலை செய்யவில்லை, படியால் ஏறினோம். அம்மா கதவைத் தட்டினார். உள்ளே காலடி வந்தது. கதவின் நடுவில் இருந்த சிறிய கண்ணாடிக் கண் இருண்டது. அன்ரி எங்களைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு கண்ணாடியில் திரும்பவும் வெளிச்சம் வந்தது. கதவு திறக்கவில்லை.

மாடி நடைவழி அமைதியாக இருந்தது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் கேட்டது. உள்ளே எங்கேயோ ஒரு குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் தொம், தொம் என்று நிற்காமல் ஒரு சத்தம்.

அம்மா போத்தலை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் கதவைத் தட்டத் தொடங்கினார்.